சென்னை–சிங்கப்பூர் விமான தூரமும் நேரமும்: எக்செல்லில் நாங்களே போட்டுப் பார்த்த கணக்கு

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் தூரத்தையும் பயண நேரத்தையும் சொல்லிவிடும் கருவிகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. தூரத்தில் அவற்றுக்குள் பெரிய சண்டை இல்லை. நேரம்தான் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. டிக்கெட்டில் வேறொரு நேரம் அச்சாகியிருக்கும். விமானம் உண்மையில் பறக்கும் நேரம் இன்னொன்றாக இருக்கும். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, ஒரு எக்செல் ஷீட்டில் கணக்கை அடியிலிருந்து கட்டினேன். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகளும் கூட உட்கார்ந்தாள். சைன், கொசைன் எல்லாம் அவளுக்குத்தான் சூடாக நினைவில் இருக்கிறது. செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். கால்குலேட்டர் இருந்தால் நீங்களும் கூடவே போட்டுப் பார்க்கலாம்.

இரண்டு புள்ளிகள்

தூரம் என்றால் எதிலிருந்து எதுவரை? விமான நிலையம் ஏக்கர் கணக்கில் பரந்து கிடக்கிறது. அதனால் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரே ஒரு குறிப்புப் புள்ளியைத் தேர்ந்தெடுத்து, அதன் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் அதிகாரபூர்வமாக வெளியிடுகிறார்கள். மீனம்பாக்கத்துக்கு 12.99 பாகை வடக்கு, 80.17 பாகை கிழக்கு. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கு 1.36 வடக்கு, 103.99 கிழக்கு.

இரண்டு தசம இடம் போதும். ஒரு பாகையில் நூறில் ஒரு பங்கு என்பது 1.1 கி.மீ. தான். மூவாயிரம் கிலோமீட்டர் கணக்கில் அது ஒரு பொருட்டே இல்லை. கவனிக்க வேண்டியது வேறு: சில பட்டியல்களில் பாகை, நிமிடம், நொடி என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். 12 பாகை 30 நிமிடம் என்றால் அது 12.30 இல்லை, 12.5. நிமிடத்தை 60-ஆலும் நொடியை 3,600-ஆலும் வகுத்துக் கூட்ட வேண்டும். மேற்குத் தீர்க்கரேகைக்கு முன்னால் கழித்தல் குறி போட வேண்டும். லண்டன், சான் பிரான்சிஸ்கோ வரிசைகளில் இது அவசியம்.

நூல் வைத்து அளந்தது

சூத்திரத்துக்குப் போவதற்கு முன் வீட்டில் இருந்த 30 செ.மீ. விட்டமுள்ள உலக உருண்டையை எடுத்தோம். பூமியின் விட்டம் சுமாராக 12,742 கி.மீ. அப்படியென்றால் உருண்டையில் 1 செ.மீ. நீளம் தரையில் 425 கி.மீ. தையல் நூலின் ஒரு நுனியைச் சென்னை மேல் அழுத்திப் பிடித்து, மறு நுனியைச் சிங்கப்பூரில் வைத்து, விறைப்பாக இழுத்தோம். ஸ்கேலில் ஏழு செ.மீட்டருக்கு ஒரு மயிரிழை குறைவு. தூரம் 2,900-க்குக் கொஞ்சம் மேலே இருக்கும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

நீளத்தைவிட நூல் படிந்த பாதைதான் எங்களைக் கட்டிப்போட்டது. "மாமா, நிக்கோபாருக்கும் சுமத்ராவுக்கும் நடுவுல பூந்து போகுது பாருங்க" என்றாள். பிறகு கணக்குப் போட்டும் சரிபார்த்தேன். சென்னையில் கிளம்பும் கோடு வங்காள விரிகுடாவைக் குறுக்கே கடந்து, இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனைக்குச் சற்றே தெற்கில் 6.55 பாகை அட்சரேகையில் போகிறது. அடுத்து சுமத்ராவின் வடமுனைக்கு அப்பால் இருக்கும் வே தீவைத் தொட்டுக்கொண்டு மலாக்கா நீரிணைக்குள் நுழைகிறது. கப்பல்களும் பல நூறு ஆண்டுகளாக இதே வாசல் வழியாகத்தான் உள்ளே போயிருக்கின்றன.

சூத்திரம், எண் எண்ணாக

உருண்டை மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறைந்த தூரத்தைக் கண்டுபிடிக்க ஹேவர்சைன் சூத்திரம் இருக்கிறது. கால்குலேட்டர் வருவதற்கு முன்பே மாலுமிகளுக்காக இதன் அட்டவணைகளை அச்சடித்து வைத்திருந்தார்கள். எக்செல்லில் போடுவதற்கு முன் ஒரு தடவை தாளில் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு கட்டத்திலும் என்ன எண் வர வேண்டும் என்பது கையில் இருக்கும்.

அட்சரேகைகளின் வித்தியாசம் 11.63. அதில் பாதி 5.815. அதன் சைன் 0.10132, வர்க்கம் 0.010265.

தீர்க்கரேகைகளின் வித்தியாசம் 23.82. பாதி 11.91. சைன் 0.20638, வர்க்கம் 0.042591. இதை இரண்டு அட்சரேகைகளின் கொசைன்களால், அதாவது 0.97441-ஆலும் 0.99972-ஆலும் பெருக்க வேண்டும். 0.041489 வரும்.

இரண்டையும் கூட்டினால் 0.051754. வர்க்கமூலம் 0.22750. இது எந்தக் கோணத்தின் சைன் என்று ரேடியனில் (கோணத்தை அளக்கும் இன்னொரு அலகு, ஒரு ரேடியன் சுமார் 57.3 பாகை) பார்த்தால் 0.22950. இரட்டிப்பாக்கினால் 0.45901. பூமியின் சராசரி ஆரம் 6,371-ஆல் பெருக்கினால் 2,924 கி.மீ.

நடுவில் கொசைனால் ஏன் பெருக்குகிறோம் என்பதை அவளே சொன்னாள். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்குகின்றன. ஒரு பாகைத் தீர்க்கரேகையின் அகலம் சிங்கப்பூரில் 111 கி.மீ., சென்னையில் 108, லண்டனில் 69 மட்டுமே.

எக்செல்லில் சைன், கொசைன் எல்லாம் ரேடியனைத்தான் எதிர்பார்க்கும். எனவே பாகையை ரேடியனாக மாற்ற ஷீட்டில் ஒரு தனி பத்தி (column) ஒதுக்கினோம். விடையைச் சரிபார்க்க விமானிகளின் குறுக்குவழி ஒன்று உண்டு. 0.45901 ரேடியன் என்பது 26.3 பாகை. ஒரு பாகைக்கு 60 கடல் மைல். ஆக 1,578 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. பெருக்கிப் பார்த்தால் 2,922. இரண்டு கிலோமீட்டருக்குள் ஒத்துப்போகிறது.

பூமி சரியான உருண்டை இல்லையே என்பவர்களுக்கு: நடுக்கோட்டில் ஆரம் 6,378, துருவத்தில் 6,357. அதனால் வரும் பிழை எப்போதும் சுமார் அரை சதவீதத்துக்கு உள்ளேதான். விமானம் ஓடுபாதையை விட்டு எழுந்து திரும்புவதிலேயே அதைவிட அதிகமான தூரம் போய்விடும்.

கொசைனை மட்டும் வைத்துப் போடும் இன்னொரு சூத்திரமும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. அதுவும் சரிதான், ஆனால் கிட்டத்து ஊர்களுக்குக் கைக்கணக்கில் அது உதவாது. சென்னை–மதுரை 418 கி.மீ. அந்தக் கோணத்தின் கொசைன் 0.9978-க்கும் 0.9979-க்கும் நடுவில் விழுகிறது. கடைசி இலக்கம் ஒன்று மாறினால் தூரம் பத்து கி.மீ. எகிறும். ஹேவர்சைனில் அந்தத் தொல்லை இல்லை.

தட்டையாகப் போட்டால் என்ன ஆகும்?

பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றமே போதாதா என்று அவள் கேட்டாள். போட்டுப் பார்த்தோம். சராசரி அட்சரேகையின் கொசைனால் கிழக்கு–மேற்குத் தூரத்தைச் சுருக்கி, வடக்கு–தெற்கோடு சேர்த்து வர்க்கமூலம் எடுத்தால் சென்னை–சிங்கப்பூருக்கு 2,929 கி.மீ. வருகிறது. ஐந்தே கிலோமீட்டர் வித்தியாசம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், குறைந்த தூரத்தில், தட்டைக் கணக்கு தாங்குகிறது.

டெல்லி–சான் பிரான்சிஸ்கோவைப் போட்டதும் அது உடைந்துபோனது. தட்டைக் கணக்கில் 14,986 கி.மீ.; ஹேவர்சைனில் 12,380 கி.மீ. இரண்டுக்கும் 2,600 கி.மீ. இடைவெளி. மறுபடியும் நூலை எடுத்தோம். டெல்லியில் கிளம்பிய நூல் கிழக்கேயும் போகவில்லை, மேற்கேயும் போகவில்லை. ஏறக்குறைய நேர் வடக்கே இமயமலையைத் தாண்டி, சைபீரியாவைக் கடந்து, 75 பாகை வடக்கு வரை ஏறி, அலாஸ்கா பக்கம் இறங்குகிறது. சுவரில் மாட்டும் வரைபடத்தை மட்டும் பார்த்தவருக்கு இந்தப் பாதை தோன்றவே தோன்றாது. உலக உருண்டை உள்ள வீடுகளில் பிள்ளைகளிடம் நூலைக் கொடுத்து இதை ஒரு தடவை செய்யச் சொல்லுங்கள்.

நேரம்: முதலில் காற்றே இல்லாமல்

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம். எந்த வேகம்? ஏர்பஸ் ஏ320 வகை விமானம் நடுவானில் ஒலிவேகத்தில் 0.78 பங்கில் பறக்கும். ஒலியின் வேகம் எல்லா உயரத்திலும் ஒன்றல்ல. தரையில் 15 டிகிரியில் மணிக்கு 1,225 கி.மீ.; 35,000 அடியில் காற்று மைனஸ் 54 டிகிரிக்குக் குளிர்ந்துவிடுவதால் 1,067 தான். அதில் 0.78 பங்கு 832 கி.மீ. போயிங் 787 போன்ற பெரிய விமானங்கள் 0.85 பங்கில் போகும், அது 907.

2,924-ஐ 832-ஆல் வகுத்தால் 3 மணி 31 நிமிடம். டிக்கெட்டில் இருப்பதோ நாலு மணிக்கு மேல். மிச்சம் எங்கே?

அட்டவணையில் அச்சிடும் நேரம் சக்கரத்தின் அடைக்கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்கும் நொடி வரை. தரையில் ஊர்ந்து ஓடுபாதைக்குப் போவது, வரிசையில் நிற்பது, இறங்கிய பின் வாயில் வரை வருவது எல்லாம் அதில் அடக்கம். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட், அதாவது மணிக்கு 463 கி.மீ.தான் வேக வரம்பு. ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடைக்காது. இவை ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை, 400 கி.மீ. போனாலும் 3,000 கி.மீ. போனாலும் ஒரே மாதிரிதான். எனவே நிலையான ஒரு தொகையாகச் சேர்த்துவிடலாம் என்று தோன்றியது. அட்டவணைகளோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் 40 நிமிடம் நன்றாகப் பொருந்துகிறது.

சென்னை–மதுரை 418 கி.மீ.: பறப்பு 30 நிமிடம், கூட 40, மொத்தம் 1 மணி 10 நிமிடம். சென்னை–டெல்லி 1,761 கி.மீ.: 2 மணி 7 நிமிடம், கூட 40, மொத்தம் 2 மணி 47. சென்னை–சிங்கப்பூர்: 3 மணி 31, கூட 40, மொத்தம் 4 மணி 11. அட்டவணைகளில் காண்பதற்கு மூன்றும் பக்கத்தில் வருகின்றன. அரை மணி பறப்புக்காக நாற்பது நிமிடம் கூடுதல் செலவு என்பதைப் பார்த்தால், மதுரைக்கு ரயிலே மேல் என்று சொல்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

டிக்கெட்டைப் படிக்கும்போது கடிகார வித்தியாசத்தையும் கழிக்க வேண்டும். இரவு 11.00-க்குக் கிளம்பி காலை 5.45-க்குச் சேர்கிறது என்றால் 6 மணி 45 நிமிடம் இல்லை. சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால்; அதைக் கழித்து 4 மணி 15 நிமிடம். சூரியனை மட்டும் வைத்துப் பார்த்தால் 23.82 பாகை வித்தியாசத்துக்கு 1 மணி 35 நிமிடம்தான் வர வேண்டும். சிங்கப்பூர் 1982-ல் தன் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிக்கொண்டது; இந்தியாவோ தன் நடுவிலுள்ள 82.5 பாகையை வைத்து, கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னாலேயே நிற்கிறது. ஷீட்டில் இதற்குத் தனியாக ஒரு பத்தி.

காற்று

இதுவரை போட்ட கணக்கில் போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்று. உண்மையில் அப்படி இல்லை. "கிழக்கே போனா சீக்கிரம், மேற்கே வந்தா லேட்டு" என்று பொதுவாகச் சொல்வார்கள். வட இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அது சரி. அங்கெல்லாம் மேலடுக்கில் மேற்கிலிருந்து கிழக்கே காற்றோட்டம். சென்னை–சிங்கப்பூருக்கு ஜூலையில் அது தலைகீழ்.

கோடையில் திபெத் பீடபூமியும் அதன் சுற்றுப்புறமும் சூடேறுகின்றன. மேலடுக்கில் வெப்பமான காற்று வடக்கிலும், அதைவிடக் குளிர்ந்தது நிலநடுக்கோட்டுப் பக்கமும் இருக்கும். இந்த வேறுபாடு கிழக்கிலிருந்து மேற்கே ஓடும் ஒரு பெரிய காற்றாற்றை எழுப்புகிறது. வெப்பமண்டலக் கிழக்குத் தாரைக்காற்று என்று பெயர். இந்திய வானிலையாளர் பி. கோடேஸ்வரம் 1958-ல் இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார். இதன் உச்ச வேகம் 14, 15 கி.மீ. உயரத்தில், பயணிகள் விமானம் பறக்கும் 11, 12 கி.மீ. உயரத்தில் அதன் கீழ்ப்பகுதி அடிக்கிறது.

விமானம் சென்னையிலிருந்து கிளம்பும் திசை 114 பாகை, கிழக்கிலிருந்து 24 பாகை தெற்கே சாய்ந்தது. நேர் கிழக்கிலிருந்து மணிக்கு 66 கி.மீ. காற்று அடித்தால், சாய்வின் கொசைனால் பெருக்கி, எதிர்காற்றாகக் கணக்கில் வருவது 60 கி.மீ. போகும்போது தரைவேகம் 772; நேரம் 3 மணி 47 நிமிடம். வரும்போது 892; நேரம் 3 மணி 17 நிமிடம். ஒரே விமானம், ஒரே தூரம், அரை மணி வித்தியாசம். எதிர்காற்றில் 16 நிமிடம் போகிறது, பின்காற்றில் 14 நிமிடமே திரும்பக் கிடைக்கிறது என்பதையும் கவனியுங்கள். ஆற்றில் பரிசல் போடுபவர் நீரோட்டத்தை எதிர்த்துப் போகும்போது இழக்கும் நேரம், அதோடு திரும்பும்போது மிச்சமாகும் நேரத்தைவிட எப்போதும் அதிகம், அதே கணக்கு.

ஜூலையில் நான் சிங்கப்பூர் போய்வந்தபோது இருக்கைத் திரையில் தரைவேகத்தைக் குறித்துக்கொண்டு வந்தேன். போகும்போது 770-ஐ ஒட்டியே நின்றது. திரும்பும்போது விரிகுடாவின் நடுவில் 880-ஐத் தாண்டியது. ஷீட்டில் இருந்த எண்கள் கண்ணெதிரே திரையில் ஓடுவதைப் பார்த்தபோது உண்டான சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இதில் இன்னொரு அடுக்கும் இருக்கிறது. மீனம்பாக்கத்தின் முக்கிய ஓடுபாதை 07/25. அதாவது ஒரு முனையில் கிழக்கு–வடகிழக்கை நோக்கியும், மறு முனையில் மேற்கு–தென்மேற்கை நோக்கியும் எழலாம். விமானம் பொதுவாகக் காற்றை எதிர்த்தே எழும், எதிர்த்தே இறங்கும். தென்மேற்குப் பருவத்தில் தரையில் காற்று மேற்கிலிருந்து வருவதால் 25-ல், மேற்கு நோக்கி எழ வேண்டும். சிங்கப்பூர் விமானம் அப்படி எழுந்து, வளைந்து, திரும்பக் கிழக்கே வந்து கடலைப் பிடிக்கிறது. மேலே ஏறினால் கிழக்கிலிருந்து எதிர்காற்று. தரையில் ஒரு நஷ்டம், வானத்தில் ஒரு நஷ்டம். வரும் விமானத்துக்கோ மேலே பின்காற்று. கடற்பக்கமாக வந்து பரங்கிமலையை ஒட்டி நேராக 25-ல் இறங்கிவிடலாம். வடகிழக்குப் பருவத்தில் தரைக்காற்று மாறிவிடும். கிளம்பும் விமானம் 07-ல் நேராகக் கடலை நோக்கி எழும், வரும் விமானம் நகரைத் தாண்டி மேற்கே போய்த் திரும்பி வர வேண்டும்.

டெல்லி–சான் பிரான்சிஸ்கோவில் காற்று தூரத்தையே தோற்கடித்திருக்கிறது. ஏர் இந்தியா 2015 டிசம்பரில் இந்தத் தடத்தை அட்லாண்டிக் வழியாகத் தொடங்கியது. சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் பசிபிக் வழிக்கு மாற்றியது. தூரம் சுமார் 15,300 கி.மீ. ஆகக் கூடியும், பயணம் பதினாலரை மணியாகக் குறைந்தது. சராசரியாக மணிக்கு 1,055 கி.மீ. விமானத்தின் சொந்த வேகம் 900-ஐ ஒட்டித்தான். மற்றது பின்காற்று தந்தது. ஹேவர்சைன் சொல்லும் 12,380 கி.மீ. வழியில் யாரும் நேராகப் போவதில்லை. அது திபெத்தின் மேல் போகிறது. கேபினில் காற்றழுத்தம் போனால் 10,000 அடிக்கு உடனே இறங்க வேண்டும், திபெத்தின் தரையே அதைவிட உயரம்.

அரசியலும் நேரத்தைத் தின்னும். 2022-ல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்ட பிறகு, பின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனத்தின் ஹெல்சிங்கி–டோக்கியோ விமானம் வட துருவத்தைச் சுற்றிப் போக ஆரம்பித்தது. ஒன்பதரை மணிப் பயணம் பதிமூன்று மணி ஆனது. எங்கள் ஷீட்டில் அந்த இரு ஊர்களுக்கும் இடையிலான தூரம் ஒரு மீட்டர்கூட மாறாது.

ஷீட் இப்போது இருக்கும் நிலை

ஆகவே தூரத்துக்கு ஒரே எண் வைத்திருக்கிறோம். நேரத்துக்கு ஒரே எண் வைப்பதை விட்டுவிட்டோம். மாதம், திசை இரண்டையும் கேட்டுத்தான் ஷீட் பதில் சொல்லும். காற்றழுத்தம் 200 மில்லிபாராகக் குறையும் மட்டத்துக் காற்று வரைபடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அது ஏறத்தாழ 12 கி.மீ. உயரம். அதைப் பார்த்துக் காற்றின் பத்தியை நிரப்புகிறோம். மேலே சொன்ன ஜூலைக் காற்றுக்குச் சென்னையிலிருந்து சிங்கப்பூர் 4 மணி 27 நிமிடம், திரும்பி வர 3 மணி 57 நிமிடம் என்று காட்டுகிறது.

கடைசியாக அவள் திருச்சியைச் சேர்த்தாள். அவள் பெரியப்பா வீட்டார் அங்கிருந்துதான் ஏறுவார்கள். 10.77 வடக்கு, 78.71 கிழக்கு. சாங்கிக்கு 2,981 கி.மீ.; சென்னையைவிட 57 கி.மீ. அதிகம், நேரத்தில் நாலு நிமிடம். திருச்சியில் ஓடுபாதைக்குப் போக அவ்வளவு ஊர வேண்டாம், காத்திருக்கும் விமானங்களும் குறைவு என்பதால் ஷீட்டில் திருச்சிக்கு மட்டும் 40 நிமிடத்தை 35 ஆக்கியிருக்கிறோம்.